பரிசுச் சீட்டின் வழியே ஊழையும் அறத்தையும் ஆராயும் முறை

கேரள அரசு 1967இல் லாட்டரியைத் தொடங்கியது. தமிழ்நாடு 2003இல் அதைத் தடை செய்தது. அதனால் வேலந்தாவளம், கோபாலபுரம் போன்ற எல்லை ஊர்களில், இந்தப் பக்கத்துத் தமிழரும் அந்தப் பக்கத்திலிருந்து வருவோரும் ஊழைப் பற்றிப் பேசினால் பேச்சு பெரும்பாலும் சீட்டில்தான் வந்து நிற்கும். அந்தப் பேச்சையே முறையான சிந்தனையாக மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பிறகு தருவதாகத் தொலைபேசியில் சொன்னவருக்காக விற்பவர் எடுத்துவைத்த சீட்டுக்குப் பெரும்பரிசு விழுகிறது. பணமும் கைமாறவில்லை, சீட்டும் விற்பவரிடமே இருக்கிறது. அதை உரியவரிடம் ஒப்படைத்தவர்களைப் பற்றிய செய்திகள் கேரளத்தில் அவ்வப்போது வருவதுண்டு. அவர்களைப் புகழ்வதற்கு முன், குலுக்கலுக்கு முந்தைய நேரத்தில் கேள்வியை வைத்துப் பாருங்கள்: பரிசு விழாதிருந்தால் விற்பவர் சீட்டின் விலையைக் கேட்டு வாங்கியிருப்பாரா? வாங்கியிருப்பார் எனில், சீட்டு அப்போதே மற்றவருடையதாகிவிட்டது. பின்னால் வந்த பரிசு அந்த உரிமையை மாற்றாது. செயலை விளைவிலிருந்து பிரித்துப் பார்ப்பதே இம்முறையில் மிக இன்றியமையாத படி என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து வாய்மை. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் 292ஆம் குறளைப் பலர் தம் வசதிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். "அவரைவிட எனக்கே தேவை அதிகம்" என்ற காரணத்தைச் சீட்டுக்கு உரியவரின் முகத்துக்கு நேரே சொல்ல இயலுமா என்று சோதியுங்கள். இயலாதெனில் அந்த நன்மை குற்றமற்றதன்று.

ஊழுக்கு வரும்போது, அறத்துப்பாலை முடிக்கும் 38ஆம் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமை பேசும் 62ஆம் அதிகாரத்தையும் சேர்த்தே படியுங்கள். ஊழைவிட வலியது எது என்று 380ஆம் குறள் கேட்கிறது. தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்று 620ஆம் குறள் சொல்கிறது. இம்முரணை அவசரமாகத் தீர்த்துவிட வேண்டாம். எந்த எண் விழும் என்பது நம் கையில் இல்லை, சீட்டை யாரிடம் கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது என்ற அளவில் நான் இரண்டையும் ஏற்கிறேன்.

மனித இயல்பைப் பற்றி விரைந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஓர் இரவு சபலப்பட்டு மறுநாள் சீட்டைக் கொடுத்தவரும் நேர்மையாளரே.

இறுதியாக, இதே கேள்விகளை அன்றாடக் கூலியில் சீட்டு வாங்கித் தோற்பவருக்கும் பொருத்துங்கள். அவருடைய இழப்பு முழுவதையும் விதியின் கணக்கில் எழுதுமுன், வாங்கியவர் யார், விற்றவர் யார், அந்த விற்பனையால் வருவாய் பெறுவோர் யார் என்பதையும் விசாரியுங்கள்.