டேப் ஒன்றுதான், இடுப்பு இரண்டு

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முத்தியால்பேட்டையிலோ ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனால், தையற்கார அக்கா கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து ஒரு நிமிடத்துக்குள் ஏழெட்டு அளவுகளை நோட்டில் குறித்துவிடுவார். அதில் ‘இடுப்பு’ என்று எழுதுவது துணிக்கான இடுப்பு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஈரலில் கொழுப்பு சேர்வதற்கும் முன்னறிவிப்பு தரும் இடுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. டேப் அதேதான். அதை எங்கே, எப்படிச் சுற்றுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

முதலில் டேப்பைச் சோதியுங்கள். வீட்டுத் தையல் மிஷின் டிராயரில் பல வருடமாகக் கிடக்கும் டேப் நீண்டிருக்கும், அல்லது முனைத் தகடு பிய்ந்து அரை செ.மீ. காணாமல் போயிருக்கும். பிள்ளைகளின் 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேலை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கோடு கோட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் புது டேப் வாங்குங்கள்.

அளக்கும் இடம்

காலையில், கழிவறை போய்வந்த பின், சாப்பிடுவதற்கு முன் அளக்க வேண்டும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் அந்த நாட்களிலும் வயிறு உப்பியிருக்கும், அப்போது வேண்டாம். நைட்டிக்கு மேல் அளந்தால் அது நைட்டியின் அளவு. வயிற்றுப் பகுதியில் துணி இருக்கக் கூடாது.

கண்ணாடி முன்னால் நின்றுகொள்ளுங்கள். அக்குளுக்கு நேர் கீழே பக்கவாட்டில் விரலால் அழுத்திக்கொண்டே இறங்கினால் விலா எலும்பு முடியும் இடம் தட்டுப்படும். அங்கே ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பிறகு சண்டைக்கு நிற்பது போல இடுப்பில் கை வையுங்கள். கைக்குக் கீழே மேடாக ஓர் எலும்பு இருக்கிறதே, அதன் மேல் விளிம்பில் இன்னொரு பொட்டு. சதைப்பற்றுள்ளவர்கள் கொஞ்சம் அழுத்தித் தேட வேண்டியிருக்கும், கிடைத்துவிடும். இரண்டு பொட்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி இரண்டாக மடித்தால் நடுப்புள்ளி வந்துவிடும். அங்கே மூன்றாவது பொட்டு. மறுபக்கமும் இதேபோல.

இரண்டு நடுப்பொட்டுகளின் மேலும் போகும்படி டேப்பைச் சுற்றுங்கள். கால்களைச் சேர்த்து வைத்து, எடை இரண்டு காலிலும் சமமாக இருக்க நில்லுங்கள். டேப் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னால் நேராக இருந்து முதுகுப் பக்கம் இறங்கிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. திரும்பி நின்று கண்ணாடியில் பாருங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். டேப் தோலில் படிய வேண்டும், குழி விழக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு, விட்டு முடிந்த இடத்தில் எண்ணைப் படியுங்கள். வயிற்றை எக்கினால் இரண்டு மூன்று செ.மீ. குறைத்துக் காட்டும், யாரை ஏமாற்ற? இரண்டு முறை அளங்கள். வித்தியாசம் ஒரு செ.மீ.க்குள் இருந்தால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். மீறினால் மறுபடி இரண்டு முறை.

பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளப்பது தவறு. சிலர் தொப்புளுக்கு மேலே கட்டுகிறார்கள், சிலர் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். பிந்தையவர்களுக்குத்தான் “என் இடுப்பு இருபது வருஷமா 32 இஞ்ச்தான்” என்ற நம்பிக்கை இருக்கும். நாடாவுக்கு மேலே தள்ளிக்கொண்டு நிற்பதை டேப் பார்க்கவே இல்லை.

அடுத்து பின்புறச் சுற்றளவு: பக்கவாட்டில் நின்று பார்த்தால் புட்டம் அதிகமாகப் புடைத்திருக்கும் இடம். உயரத்துக்குச் செருப்பையும் கொண்டையையும் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றால் போதும்.

எண் என்ன சொல்கிறது

இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, இஞ்சில் 31½. உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கணக்கு: 150 செ.மீ. உயரமானவருக்கு 75. குள்ளமானவர்களுக்கு இரண்டாவது கணக்கே நியாயமானது. இடுப்பைப் பின்புறச் சுற்றளவால் வகுத்தால் 0.85க்குக் கீழே வர வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. வளரும் பிள்ளைகளின் இடுப்பில் 80 செ.மீ. கணக்கைப் போடாதீர்கள், அவர்களுக்கு வயதுவாரி அட்டவணை தனியாக இருக்கிறது.

ஐந்தடி, அதாவது 152 செ.மீ. உயரமுள்ள இரண்டு பேரை வைத்துப் பார்ப்போம். ஒருவர் 50 கிலோ, இடுப்பு 82, பின்புறம் 90. இன்னொருவர் 62 கிலோ, இடுப்பு 75, பின்புறம் 104. கல்யாண வீட்டில் முதலாமவரிடம் “கொஞ்சம் சாப்பிடேன்டி” என்பார்கள். இரண்டாமவரிடம் “ரெண்டு சுத்து பெருத்துட்டியே” என்பார்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ.யும் அதையே சொல்லும்: முதலாமவர் 21.6, நார்மல், இரண்டாமவர் 26.8, நம் நாட்டுக் கணக்கில் பருமன். ஆனால் டேப் தலைகீழாகச் சொல்கிறது. முதலாமவருக்கு இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டி 0.54, வகுத்து வரும் எண் 0.91. ரத்தப் பரிசோதனைக்கு முதலில் போக வேண்டியவர் அவர்தான். இரண்டாமவருக்கு 0.49, 0.72. அதற்காக அவருக்கு விலக்கு கிடைத்துவிட்டது என்று இல்லை. மூட்டும் ரத்த அழுத்தமும் எடையைக் கணக்கில் வைக்கும்.

காரணம், கொழுப்பு தங்கும் இடம். தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் சேர்வது ஓரளவு பத்திரமான சேமிப்பு. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்வது நேரே ஈரலுக்குக் கொழுப்பு அமிலங்களை அனுப்பி, இன்சுலின் வேலை செய்யவிடாமல் தடுக்கும். மேல்பாரம், கீழ்பாரம் என்று உடலைப் பிரித்து, நோய் மேல்பாரத்தோடு அதிகம் வருகிறது என்று 1947-இல் எழுதியவர் பிரான்சின் மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக். பி.எம்.ஐ. சூத்திரமோ அதைவிடப் பழையது. 1830களில் பெல்ஜியத்துக் கணிதரான கெத்லே, மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்கப் போட்டது. ஒரு தனிமனுஷியின் வயிற்றைப் பார்த்துச் சொன்னதல்ல. தெற்காசியர்களுக்கு அதே பி.எம்.ஐ.யில் ஐரோப்பியர்களைவிட உடல் கொழுப்பு அதிகம், தசை குறைவு. அதனால்தான் நமக்கு 25க்குப் பதில் 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, அதுவரை கீழே சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்கும். எடை ஏறாமலே பழைய ரவிக்கையின் கீழ் ஹூக் மாட்டாமல் போவது இதனால்தான். துணி சுருங்கவில்லை.

அளவு மீறியிருந்தால் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை), கொழுப்பு அளவு, ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை வாசலில் நிற்கிறது என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் அழுத்தமும் காசில்லாமல் பார்ப்பார்கள்; கடலூர் பக்கம் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், வரும்போது “எனக்கொன்னும் இல்ல” என்று அனுப்பிவிடாதீர்கள். கழுத்து மடிப்பில் வெல்வெட் போலத் தடித்த கறுப்பு இருந்தால் அது அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அதோடு மாதவிலக்கு தள்ளிப்போவதும் மோவாயில் முடியும் சேர்ந்திருந்தால் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊர் சொல்லும் அழகு

சிதம்பரம் கோபுர வாசலில் 108 கரணங்களாக நிற்கும் பெண் உருவங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இடை சிறுத்திருக்கும், ஆனால் தொடையும் இடுப்பும் கனத்தவை. புலவர்கள் ‘துடியிடை’ என்றார்கள்; துடி என்பது உடுக்கை. எந்தப் புலவரும் டேப் வைத்துப் பார்த்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் பூசினாற்போன்ற உடம்பு லட்சணம். ஒல்லியாக இருந்தால் வீட்டில் சோறில்லை என்று பேசினார்கள். 1994-இல் உலக அழகிப் பட்டமும் பிரபஞ்ச அழகிப் பட்டமும் ஒரே ஆண்டில் இந்தியாவுக்கு வந்த பிறகு ஒல்லிக்கு மவுசு ஏறியது. பின்னால் எலும்பும் தோலுமான ‘சைஸ் ஜீரோ’. இப்போது ஜிம்முக்குப் போய்ப் புட்டத்தை ஏற்றச் சொல்கிறார்கள். ஐம்பது வருடத்தில் நான்கு உத்தரவு. பெண்ணின் எலும்புக்கூடு மட்டும் மாறவில்லை. பேரிக்காய், ஆப்பிள், உடுக்கை என்ற வடிவப் பெயர்கள் தையலுக்கு உதவும். தோளும் இடுப்பெலும்பும் எவ்வளவு அகலம் என்பது பெரும்பாலும் பரம்பரை, எந்தக் கஷாயமும் அதை மாற்றாது.

இந்த உத்தரவுகளால் ஆரோக்கியம் கெடும் வழிகளில் மோசமானது சதை போடுவதற்கென்று விற்கும் மாத்திரை. பெண் பார்க்க வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் வாங்கித் தருகிறார்கள். அப்படி விற்பவற்றில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு; முகம் உப்பும், சர்க்கரை ஏறும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பி.எம்.ஐ. 18.5க்குக் கீழே உள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள், 12க்குக் குறைந்தால் ரத்தசோகை. பட்டினி கிடந்து இளைக்கும் பெண்ணுக்கு மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லை என்றால் அது டயட்டின் வெற்றி இல்லை, டாக்டரிடம் போக வேண்டிய நேரம்.

இடுப்பைக் குறைக்க

வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியே கரைக்க முடியாது. வியர்வை பெல்ட் போட்டால் தண்ணீர் போகும், சாயங்காலம் திரும்பி வரும். மொத்தத்தில் 5 சதவீத எடை இறங்கினாலே சர்க்கரையும் கொழுப்பும் சரியாகத் தொடங்கும். 60 கிலோக்காரருக்கு அது 3 கிலோதான், ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர், மாலை 6 மணி முதல் காலை 7:30 வரை வண்டிகள் வராது. போய்வந்தால் 3 கிலோமீட்டர். பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் சுமார் 35 நிமிடம் பிடிக்கும். வாரம் ஐந்து நாள் நடந்தால் தேவையான 150 நிமிடம் தாண்டிவிடும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடப்பவர்கள் ஈரம் காயாத கெட்டி மணலில் நடங்கள், பொடிமணலில் கணுக்கால் பிசகும். நடந்து முடித்து பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்தால் கணக்கு நேராகிவிடும்.

நடை மட்டும் போதாது, தசை வேண்டும். வாரம் இரண்டு நாள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, மூன்று தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது அதே அளவு. மூட்டு வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்துங்கள். சாப்பாட்டில் எடைக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், அதாவது 55 கிலோவுக்குச் சுமார் 45 கிராம். ஒரு முட்டையில் 6, 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை, நெத்திலியும் மத்தியும் மலிவு. சைவக்காரர்கள் ஒரு கிண்ணம் சுண்டலையும் தயிரையும் தினமும் வைத்துக்கொள்ளுங்கள். சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பொரியலை வையுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் வயிறு கூம்பி நின்றால் அது கொழுப்பாக இல்லாமல், வயிற்றுத் தசைகள் நடுவில் பிரிந்து நிற்கும் தசை விலகலாக இருக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, தலையை மட்டும் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல்களைப் பக்கம் பக்கமாக வைத்து அழுத்துங்கள்; இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால் பிசியோதெரபி தேவை. துணி கட்டுவதால் மட்டும் அது மூடாது. அந்த நிலையில் எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சி செய்தால் விலகல் கூடிப்போகும்.

நாடா

பாவாடை நாடாவைக் கழற்றியதும் இடுப்பில் எவ்வளவு நேரம் தடம் நிற்கிறது என்று பாருங்கள். கால் மணி நேரத்தில் மறைந்தால் சரி. நாள் முழுக்க நிற்கிறது, கறுத்து நடுவே வெளுத்திருக்கிறது, அரிக்கிறது என்றால் நாடா இறுக்கம். வெயில் காலத்தில் வியர்வையும் உப்பும் சேர்ந்து தோல் உரியும். பல வருடம் ஆறாத புண்ணாகவே இருந்தால் அபூர்வமாகப் புற்றாக மாறும். 2024-இல் மருத்துவ இதழ் ஒன்றில் இப்படி இரண்டு இந்தியப் பெண்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். மெல்லிய கயிறு நாடாவை உருவிவிட்டு ஓரங்குல அகலப் பட்டை நாடா கோத்துக்கொள்ளுங்கள். கட்டும் இடத்தை நாளுக்கு நாள் ஒரு விரல்கடை மாற்றுங்கள். முடிச்சை எப்போதும் ஒரே பக்கம் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்திவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போதாது, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாதம் ஒருமுறை, மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம், அளவை காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். தினமும் அளந்தால் தண்ணீரையும் சாப்பாட்டையும்தான் அளப்பீர்கள். அடுத்த ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் ஓரங்குலம் உள்ளே துணி விட்டு, கால் இஞ்ச் இடைவெளியில் மூன்று தையல் போடச் சொல்லுங்கள். உடம்பு ஏறினால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம், இறங்கினால் உள்ளே ஒன்று போட்டுக்கொள்ளலாம்.