ஏசி குளிர்கிறது, காற்றுதான் வழி தவறுகிறது

சவூதியின் தம்மாம் நகரச் சனாயாவில், அதாவது பட்டறைகள் வரிசையாக இருக்கும் தொழிற்பேட்டையில், 18 ஆண்டுகள் கார் ஏசி வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே புகாருடன்தான் வரும்: "முகய்யிஃப் மாஃபி பாரித்." ஏசி குளிரவில்லை. இந்த வார்த்தையைக் கேட்டதும் ஏசிக்கான கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகிறவன் மெக்கானிக் அல்ல, கேஸ் வியாபாரி.

ஒரு ஜூலை மதியம், வெளியே 46 டிகிரி. ஒரு முதியவர் வெள்ளை நிற ஃபோர்டு கிரவுன் விக்டோரியா காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்கு முன் வேறொரு பட்டறையில் ஒரே கோடையில் மூன்று முறை கேஸ் அடித்திருக்கிறார்கள். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தேன். கேஸ் குறையவில்லை, கூடுதலாகத்தான் இருந்தது. கம்ப்ரசர் திணறிக்கொண்டிருந்தது. சவூதியில் டிஷ்யூ பெட்டி இல்லாத காரைப் பார்க்க முடியாது. அவருடைய டேஷ்போர்டிலிருந்தே ஒரு தாளை உருவி, விரல் அகலத்துக்குக் கிழித்து, முகத்துக்கு நேராக இருக்கும் வென்ட்டின் முன் பிடித்தேன். தாள் அசையவில்லை. அப்படியே முன் கண்ணாடியின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோனேன். படபடவென்று அடித்துக்கொண்டது. அங்கே தெர்மாமீட்டரை வைத்தால் 14 டிகிரி. குளிர் வந்துகொண்டுதான் இருந்தது, முகத்துக்கு வராமல் கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் வேக்குவம். இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டில் ஓர் உறிஞ்சு விசை உண்டாகிறது. கடல் மட்டத்தில், ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓடும் நல்ல பெட்ரோல் இன்ஜினில் இது பாதரச அளவில் 17 முதல் 22 அங்குலம் வரை இருக்கும். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டுக்குள் காற்றின் வழியை மாற்றும் கதவுகளைத் திருப்புவது மின்சாரம் அல்ல, இந்த உறிஞ்சுதான். மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பும். வழியில், காற்றை ஒரு பக்கம் மட்டுமே விடும் ஒரு செக் வால்வும் ஒரு சின்ன வேக்குவம் டேங்கும் இருக்கும். பிறகு அது டேஷ்போர்டிலிருக்கும் கண்ட்ரோல் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து வண்ண வண்ணக் குழாய்கள் பிரிந்து, ஒவ்வொரு கதவையும் இழுக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வுக்குச் செல்லும்.

வேக்குவம் போய்விட்டால் ஸ்பிரிங் கதவைத் தள்ளி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடும். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. குளிர்நாட்டில் கண்ணாடி மங்கினால் உயிருக்கு ஆபத்து, முகத்தில் காற்று படாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் வளைகுடாவில் அது இரட்டைத் தண்டனை. உள்காற்றையே சுழற்றும் கதவும் வேக்குவத்தால்தான் நிற்கிறது. அதுவும் விட்டுப்போனால் வெளியிலிருக்கும் 46 டிகிரிக் காற்று உள்ளே நுழையும். குளிர் கண்ணாடிக்கு, கொதிப்பு நமக்கு. புழுக்கமான இரவில் முன் கண்ணாடியின் வெளிப்புறம் பனித்துக்கொண்டு, மழையே இல்லாமல் வைப்பர் போட்டு ஓட்டுகிற தம்மாம் கார்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று எதிரே வந்தால், பெரும்பாலும் வேக்குவம் கோளாறு என்று தள்ளியிருந்தே சொல்லிவிடலாம்.

ஆகவே முதல் சோதனைக்குச் செலவு ஒரு டிஷ்யூ தாள். இன்ஜினை ஓடவிட்டு முகம், கால், கண்ணாடி என்று மூன்று நிலைகளையும் மாற்றி, ஒவ்வொன்றிலும் தாளைப் பிடித்துப் பாருங்கள். காற்றின் திசை சரியாக மாறுகிறது, சூடு குளிர் மட்டும் மாறவில்லை என்றால் நீங்கள் தேட வேண்டிய இடம் வேறு. கிரவுன் விக்டோரியாவில் சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவை ஆட்டுவது மின் மோட்டார், வேக்குவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்து, கோளாறு எப்போது வருகிறது என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். "எப்போதுமே இப்படித்தான்" என்றால் குழாய் கழன்றிருக்கலாம், உடைந்திருக்கலாம், கண்ட்ரோல் பெட்டி கசியலாம். "மேம்பாலம் ஏறும்போது மட்டும் காற்று கண்ணாடிக்குப் போய், காலை எடுத்தால் திரும்பி வருகிறது" என்றால் பாதி வேலை முடிந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் மேனிஃபோல்டின் உறிஞ்சு ஏறக்குறைய இல்லாமல் போகும். அந்தச் சில நொடிகளைத் தாக்குப்பிடிக்கத்தான் டேங்கும் செக் வால்வும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று செத்திருக்கிறது, அல்லது எங்கோ மெல்லக் கசிகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியைச் சற்று நேரம் ஓடவிட்டு அணைத்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்துக் காற்றுத் திசையை மாற்றுங்கள். டேங்க் நன்றாக இருந்தால் ஓரிரு முறையாவது கதவு புரளும் ஓசை கேட்கும்.

இப்போது பானட்டைத் திறக்கலாம். தளர்ந்த சட்டையை மடித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலும். மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கண்ணால் அல்ல, விரலால் தொடர்ந்து போங்கள். இன்ஜின் சூட்டில் பிளாஸ்டிக் குழாய் அப்பளம்போல் நொறுங்கும். இணைப்பிலிருக்கும் ரப்பர் முழங்கை வெளியே நன்றாகத் தெரியும், திருப்பிப் பார்த்தால் அடியில் வெடித்திருக்கும். ஐடில் தடுமாறி, ஸ்கேனரில் பி0171, பி0174 என்று இரண்டு கோளாறு எண்களும் சேர்ந்து வந்தால் இன்ஜின் எங்கோ கணக்கில் வராத காற்றைக் குடிக்கிறது என்று பொருள். கசிவை மேனிஃபோல்டுக்கு அருகிலேயே தேடுங்கள்.

செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. திரும்ப மாட்டும்போது காற்று இன்ஜினை நோக்கி மட்டும் போகும்படி மாட்டுங்கள். தலைகீழாக மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் முழித்தவர்களில் நானும் ஒருவன்.

இங்கே இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் கசிவைத் தேடிப் பழகியவர்கள் இங்கேயும் சோப்புத் தண்ணீரைத் தடவுவார்கள். அழுத்தம் வெளியே வந்தால்தான் குமிழி வரும். இங்கே தண்ணீர் உள்ளே போகும், அவ்வளவுதான். இன்னொன்று இதைவிடக் கெடுதல்: "அடைப்பு இருக்கிறதா பார்க்கிறேன்" என்று கம்ப்ரசர் காற்றைக் குழாயில் அடிப்பது. எங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தூத்துக்குடித் தம்பி ஒருவன் அப்படி அடித்தான். டப்பென்று ஒரு சத்தம். "அண்ணாச்சி, அடைப்பு எடுத்துவிட்டது" என்றான். எடுத்தது அடைப்பல்ல, டயாபிரம் கிழிந்திருந்தது. அதை மாற்ற இரண்டு நாள் டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்தோம்.

இந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டியது கேஜுடன் கூடிய கை வேக்குவம் பம்ப் ஒன்றுதான். இன்ஜினை அணைத்து, செக் வால்விலிருந்து உள்ளே போகும் குழாயைக் கழற்றிப் பம்பை மாட்டுங்கள். டேங்கும் சேர்ந்து இருப்பதால் கை வலிக்கும்வரை அமுக்க வேண்டியிருக்கும். முள் 18 அங்குலத்தைத் தொட்டதும் சாவியை ஆன் செய்து, ஒவ்வொரு நிலையாக மாற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் முள்ளைப் பாருங்கள். கதவு புரளும்போது முள் சற்று இறங்கி நின்றால் அது இயல்பு. நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தால் கசிவு. ஒரே ஒரு நிலையில் மட்டும் வழிகிறதா? அந்தக் கதவின் குழாயோ டயாபிரமோதான். எந்த நிலையில் வைத்தாலும் வழிகிறதா? டேங்க், வரும் குழாய், கண்ட்ரோல் பெட்டி இம்மூன்றில் ஒன்று. குழாயை டேங்குக்கு அப்பால் கழற்றி மீண்டும் பம்ப் செய்தால் டேங்க் கணக்கிலிருந்து போய்விடும்.

காதும் ஒரு கருவி. ஃபேனை மிகக் குறைத்து, ரேடியோவை அணைத்து, ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை டேஷ்போர்டின் இடுக்குகளில் நகர்த்துங்கள். முதியவரின் வண்டியில் கண்ட்ரோல் பெட்டிக்குப் பின்னால் பாம்பு சீறுவதுபோல் ஓர் ஓசை வந்தது. தானியங்கி ஏசி உள்ள அந்தக் கார்களில் இது தெரிந்த கதை. பெட்டியின் முதுகில் மின்சாரத்தால் திறந்து மூடும் சின்னச் சின்னச் சொலனாய்டு வால்வுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். ஆண்டுக்கணக்கில் வெயிலில் வெந்து அந்த ரப்பர் தட்டையாகி இறுகிவிடும். கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. ரப்பருக்கு வயதாகிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் ஓசையை மட்டும் நம்பிப் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சுற்றியுள்ள அலங்காரச் சட்டத்தை மெல்ல இழுத்து, திருகுகளை எடுத்துப் பெட்டியை முன்னே கொண்டுவாருங்கள். பின்னால் வண்ணக் குழாய்கள் ஒரே இணைப்பில் வந்து சேர்ந்திருக்கும். கறுப்புதான் இன்ஜினிலிருந்து வருவது. மற்ற நிறங்கள் மாடலுக்கு ஏற்ப மாறக்கூடும் என்பதால் கழற்றுமுன் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பம்பை ஒவ்வொரு வண்ணக் குழாயிலும் தனித்தனியாக மாட்டி உறிஞ்சுங்கள். கதவு புரள வேண்டும், முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். எல்லாக் குழாய்களிலும் முள் அப்படி நின்றுவிட்டால் குற்றவாளி பெட்டிதான். சுழற்றும் குமிழ் உள்ள சாதாரண ஏசியாக இருந்தால் சொலனாய்டு இராது, குமிழின் பின்னாலிருக்கும் வேக்குவம் சுவிட்ச் தேய்ந்திருக்கும். அதை மாற்றிவிடுவது நல்லது.

பழைய ஓ-ரிங்கை ஊசியால் நெம்பி எடுத்து மேசையில் வைத்தபோது முதியவர் குனிந்து பார்த்தார். உளுந்தைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு வளையம். நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழவில்லை. அதே அளவில் புதிதாக வாங்கி, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டுப் பூசி மாட்டினோம். கிரீஸ் அதிகமானால் காற்றுத்துளையை அடைக்கும். கூடுதலாக இருந்த கேஸை மெஷினில் இழுத்து, அளவு பார்த்து நிரப்பினேன். அதில்தான் அதிக நேரம் போனது.

அவசரத்துக்குக் கறுப்புக் குழாயை நேராக முகத்துக்கான குழாயோடு இணைத்துவிடுகிற குறுக்கு வழி ஒன்று உண்டு. காற்று எப்போதும் முகத்துக்கே வரும். செய்திருக்கிறேன், இப்போது செய்ய மாட்டேன். ஜனவரி மூடுபனியில் கண்ணாடி மங்கும்போது துடைக்க உங்களிடம் கைக்குட்டை மட்டுமே இருக்கும்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மாருதி 800 போன்ற கார்களில் இந்த வேலையைக் கேபிள் செய்கிறது, இங்கே சொன்னது பொருந்தாது. புனேயில் 1995 முதல் பூட்டப்பட்ட மெர்சிடிஸ் டபிள்யூ124 உங்களிடம் இருந்தால் பொருந்தும். ஆனால் அதில் டயாபிரம் கிழிந்தால் டேஷ்போர்டே வெளியே வர வேண்டும், ஆகவே பம்ப் சோதனையை இரண்டு முறை செய்துவிட்டுக் கை வையுங்கள். டீசல் வண்டியில் மேனிஃபோல்டில் தேடாதீர்கள். அதற்குத் தனி வேக்குவம் பம்ப் இருக்கிறது.

கிரவுன் விக்டோரியாவைச் சவூதியில் எளிதில் விடமாட்டார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று கனடாவின் செயிண்ட் தாமஸ் ஆலையிலிருந்து இறங்கிய கடைசி வண்டியே சவூதிக்காகச் செய்ததுதான்.

வேலை முடிந்ததும் பட்டறையிலேயே சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நிற்கும் வண்டியில் எல்லாமே சரியாக இருக்கும். முதியவரை ஓட்டச் சொல்லி, நான் பக்கத்தில் அமர்ந்து, டிஷ்யூ துண்டை நடு வென்ட்டில் செருகிவைத்தேன். கோபார் சாலையின் மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தச் சொன்னேன். உச்சியைத் தாண்டும்வரை தாள் படுக்கவில்லை.