நல்ல ஊழியர்களை விலக வைக்கும் நேரத் தவறுகள்

திறமையான ஊழியர் ஒருவர் வேலையை விடும்போது சம்பளம் போதவில்லை போலும் என்று நிர்வாகம் முடிவுகட்டிவிடுகிறது. விலகல் கடிதத்தில் "சொந்தக் காரணங்கள்" என்றுதான் எழுதியிருக்கும். அவற்றில் எத்தனை, அலுவலகமே உண்டாக்கியவை என்று எவரும் கேட்பதில்லை.

பரவலான தவறு, அவசரமில்லாத செய்தியை அலுவல் நேரம் முடிந்த பின் அனுப்புவது. ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்கு, "அந்த அறிக்கை எந்த அளவில் இருக்கிறது?" என்று மேலாளர் வாட்ஸ்அப்பில் கேட்கிறார். காலையில் பதில் வந்தால் போதும் என்பதே அவர் எண்ணமாக இருக்கலாம். ஆனால் நீலக் குறி விழுந்த பிறகு பேசாமல் இருக்க ஊழியருக்கு மனம் வராது, மடிக்கணினியைத் திறந்துவிடுவார். பணி நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 ஜனவரி முதலும், ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்தில் சேர்த்துள்ளன. போர்ச்சுகல் 2021இல் இயற்றிய சட்டமோ, ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளாமல் இருக்கும் கடமையை முதலாளியின் மீதே சுமத்தியது. இதுவே சரியான அணுகுமுறை என்பேன். ஏனெனில் ஊதிய உயர்வைத் தீர்மானிப்பவரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை, ஏட்டில் இருந்தாலும் கைக்கு எட்டுவதில்லை. சட்டம் இல்லாத இடங்களிலும், இரவில் எழுதிய மின்னஞ்சலை மறுநாள் காலை சென்று சேருமாறு நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது.

இதைவிட ஆழமாகப் பாதிக்கும் தவறு ஒன்று உண்டு; அது தவறாகவே தெரிவதில்லை. சிக்கல் வந்தால் "அவரிடம் கொடுத்தால் முடித்துவிடுவார்" என்று ஒரே ஆளை அழைப்பது அலுவலகங்களின் வழக்கம். மெத்தனமாக இருப்பவரின் மாலைப் பொழுது பத்திரமாக இருக்க, பொறுப்பானவரின் மாலைப் பொழுது மட்டும் பறிபோகிறது. அவர் முணுமுணுக்காமல் செய்துகொடுப்பதால் மனநிறைவோடு இருக்கிறார் என்று மேலாளர் நம்புவார். வேறு இடத்தில் எளிதாக வேலை கிடைக்கக்கூடியவரும் அவரே என்பது, விலகல் கடிதம் மேசைக்கு வந்த பிறகே உறைக்கும். நேரங்கடந்த அழைப்புகள் யாருக்குச் சென்றன என்று மாதம் ஒருமுறை பார்த்து, பொறுப்பைச் சுழற்சி முறையில் பிரித்து, உழைத்த நேரத்துக்கு ஈடுவிடுப்போ கூடுதல் ஊதியமோ தருவதே இதற்கு வழி.

விடுப்பை அனுமதித்துவிட்டு நடுவில் அழைப்பதும் இத்தகையதே. விடுப்பில் இருப்பவருக்கு வரும் மின்னஞ்சல் தானாகவே நீக்கப்பட்டு, யாரை அணுக வேண்டும் என்ற தகவல் அனுப்பியவருக்குச் செல்லும் ஏற்பாட்டை ஜெர்மனியின் வாகன நிறுவனமான டைம்லர் செய்திருந்தது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், விடுப்புக்கு முன்பே பணியை இன்னொருவரிடம் முறையாக ஒப்படைக்கச் செய்யலாம்.

வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் கூட்டம் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இரவு வெகுநேரம் இருந்தவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டும் மேலாளர், நேரத்துக்குக் கிளம்பியவர்களைக் குறைசொன்னதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பாராட்ட விரும்பினால், வேலையின் தரத்தைச் சொல்லிப் பாராட்டட்டும்.