பேச வேண்டாம், எழுதச் சொல்லுங்கள்

மருத்துவமனைக் கூட்டங்களில் பெரிய டாக்டர் ஒரு கருத்தைச் சொன்னதும் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். இரவெல்லாம் வார்டில் நின்ற நர்ஸின் மனதில் இருக்கும் நல்ல யோசனை வெளியே வராமலே போகும். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

இதற்கு 6-3-5 முறை நன்றாகக் கைகொடுக்கும். 1968-ல் ஜெர்மனியில் பெர்ன்ட் ரோர்பாக் அறிமுகப்படுத்தியது. 6 பேர், ஆளுக்கு ஒரு தாள், 5 நிமிடத்தில் 3 யோசனைகள். அப்புறம் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் படித்துவிட்டு இன்னும் 3 எழுதுவார். 6 சுற்று முடிய அரை மணி நேரம், மொத்தம் 108 யோசனைகள். நடுவில் பேச்சே கிடையாது.

கேள்வி மட்டும் குறுகலாக இருக்கட்டும். ‘சேவையை மேம்படுத்துவது எப்படி?’ என்று கேட்டால் ஒன்றும் தேறாது. ‘ஷிப்ட் மாறும்போது மருந்து விவரம் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள். ஒருவர் ‘கட்டிலருகிலேயே நின்று ஒப்படைக்கலாம்’ என்று எழுத, அடுத்தவர் ‘அப்போது நோயாளியையும் கேட்கலாம்’ என்று அதை வளர்ப்பார்.

துப்புரவுப் பணியாளரையும் மருந்தாளுநரையும் கட்டாயம் உட்கார வையுங்கள். தாளில் பெயர் வேண்டாம். தேறியதில் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு வார்டில் ஒரு வாரம் செய்து பாருங்கள்.