ஊருக்குள் இருக்கும் பள்ளியா, வேன் வரும் பள்ளியா?

மானூர், முக்கூடல், சேரன்மகாதேவி, நாங்குநேரி என்று நெல்லைச் சீமையில் எந்தப் பக்கம் போனாலும், ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு ஓடும். தெருமுனையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ, டி.டி.டி.ஏ., ஆர்.சி. மாதிரி கிறிஸ்தவச் சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியோ இருக்கிறது. காலையில் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து மஞ்சள் வேனும் வருகிறது. எதில் சேர்ப்பது?

வாசலில் தொங்கும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஃபிளெக்ஸைப் பார்த்து ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது, மாப்பிள்ளையின் தாத்தா சம்பாதித்ததைக் கேட்டுப் பெண் கொடுப்பது மாதிரி. அந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்பின் பார்க்காத ஐந்து வரியை வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். கட்டடம், சீருடை, ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தெருவிலேயே ஒரு சோதனை

இதற்குப் பள்ளிக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ அந்த இரண்டு பள்ளிகளிலும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளிக்கு இரண்டு பேரைப் பிடியுங்கள். முதல் ரேங்க் பிள்ளை வேண்டாம், நடுவாந்திரமாகப் படிக்கிற பிள்ளை போதும். பாடப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அதைப் பாதிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடும். ஒரு தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: "முருகன் சந்தைக்குப் போனான். இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கினான். வழியில் பை கிழிந்தது." வாசித்து முடித்ததும் "ஏன் கத்தரிக்காய் கொட்டியிருக்கும்?" என்று கேளுங்கள். கொட்டியது என்ற வார்த்தையே தாளில் இல்லை. புரிந்து வாசித்த பிள்ளைதான் பதில் சொல்லும்.

அடுத்தது கணக்கு. 52-இல் 17 போனால் எவ்வளவு? 35 என்றால் சரி. 45 என்று வந்தால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் போதும் என்று பிள்ளை தானாக ஒரு விதியை வைத்துக்கொண்டிருக்கிறது, யாரும் திருத்தவில்லை. ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் விட்டுவிடலாம். ஒரே பள்ளியில் இரண்டு பேரும் செய்தால் கவனிக்க வேண்டும்.

இங்கிலீஷ் மீடியப் பிள்ளையிடம் "தி கேட் இஸ் அண்டர் தி டேபிள்" என்று எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கணீரென்று வாசிக்கும். பிறகு ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பூனை மேசைக்கு மேலே உட்கார்ந்திருந்தால், கட்டுகிற ஃபீஸ் உச்சரிப்புக்கு மட்டும்தான் போகிறது.

தெருவில் டியூஷன் எடுக்கும் அக்காவையும் கேளுங்கள். இரண்டாம் வகுப்பிலேயே எந்தப் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நேரில் போகும்போது

தனியார் பள்ளிகளில் சேர்க்கை ஜனவரியிலேயே தொடங்கிவிடுவதால் பொங்கல் கழிந்ததும் போய்விடுங்கள். இரண்டு பள்ளிக்கும் சாதாரண வேலை நாளில், காலை பத்தரை வாக்கில் போனால்தான் ஒப்பிட முடியும். ஆண்டு விழாவுக்கு முந்தின இரண்டு வாரம் போகாதீர்கள். பாதி வகுப்பு டான்ஸ் பிராக்டிஸில் இருக்கும்.

தலைமை ஆசிரியரிடம் கேட்டு ஒன்றாம் வகுப்பு வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்பதையும் கவனியுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 90 வரை மூன்று. ஆகவே சிற்றூர்ப் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்ப்பது சகஜம். அதைப் பார்த்ததும் முகம் சுளிக்க வேண்டாம். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமே சின்ன வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருவதுதான். ஒரு டீச்சர் பயிற்சிக்கோ மாற்றுப் பணிக்கோ போகும் நாளில்தான் சிக்கல். அன்றைக்கு முழுப் பள்ளியும் ஒருவர் தலையில் விழும். போன மாதம் அப்படி எத்தனை நாள் என்று கேளுங்கள்.

தனியார் பள்ளியில் கேட்க வேண்டியது வேறு: போன வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்த மிஸ் இப்போதும் இருக்கிறாரா? சம்பளம் குறைவான இடத்தில் வருஷத்துக்கு ஒரு மிஸ் மாறுவார். சில இடங்களில் பருவத்துக்கு ஒருவர். ஏ.சி. ரூமில் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிட்டு, வகுப்புப் பக்கம் போகவே விடவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வோ இன்டர்வியூவோ வைத்துத் தேர்ந்தெடுப்பது சட்டப்படி கூடாது. வைத்தால், ஐந்து வயதுப் பிள்ளையிடம் அவர்கள் எதிர்பார்ப்பது என்னவென்று அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் வகுப்பு நோட்டுகள் நாலைந்தை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே பதில், ஒரே தவறு என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. "பள்ளிக்குப் போனேன்" என்ற இடத்தில் "பல்லிக்குப் போனேன்" என்றிருந்து, அதன் மேலும் சிவப்பு டிக் விழுந்திருந்தால், நோட்டை யாரும் வாசிக்கவில்லை. பையையும் தூக்கிப் பாருங்கள். 2018-இல் மத்திய அரசு சொன்ன வரம்பு, ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஒன்றரை கிலோ.

கழிப்பறையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள், அப்போதுதான் குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்பது தெரியும். சுவரையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் நெல்லையிலேயே ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூன்று பேர் இறந்தார்கள். விரிசல், சாய்வு, அஸ்திவாரத்தில் மண் அரிப்பு எதுவானாலும் கேளுங்கள்.

வழி

பன்னிரண்டு கிலோமீட்டர்தானே என்று நினைப்போம். நாலு ஊர் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, குலவணிகர்புரம் ரயில்வே கேட்டிலும் மாட்டினால் எழுபது நிமிடம் ஆகிவிடும். போக வர 140 நிமிடம். வாரத்துக்கு ஏறக்குறைய 12 மணி நேரம். உங்கள் பிள்ளை முதலில் ஏறும் பிள்ளையா, கடைசியில் ஏறும் பிள்ளையா என்று டிரைவரிடமே கேளுங்கள். ஏழே காலுக்கு ஏற வேண்டிய பிள்ளை பாதி நாள் சாப்பிடாமல் போகும், மீதி நாள் வேனில் வாந்தி எடுக்கும்.

2012-இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. வேனில் உதவியாளர், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வேன் பள்ளியுடையதா, வெளியாளுடையதா என்பதும் முக்கியம். வெளியாள் வேனில் ஏதாவது நடந்தால், "அது நீங்கள் பேசிக்கொண்டது" என்று பள்ளி கைகழுவிவிடும்.

நடந்து போகும் பள்ளிக்கும் வழியைப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் காய்ந்து கிடக்கிற வாய்க்கால், கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் கரை தொட்டு ஓடும். பள்ளி திறப்பதும் அதே ஜூனில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை முங்குமா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சுவரில் தடத்தையே காட்டுவார்கள்.

பணம்

தனியார் பள்ளியில் அரசுக் கட்டண நிர்ணயக் குழு அனுமதித்த தொகை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். பிறகு டெர்ம் ஃபீஸ், புத்தகம், நோட்டு, இரண்டு செட் சீருடை, ஷூ, வேன் (பத்து மாதமா, பன்னிரண்டா?), ஆண்டு விழா என்று ஒவ்வொன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏறும் என்று வைத்தால், ஐந்தாம் வகுப்பு வரை ஆகும் செலவு முதல் வருஷத் தொகையைப் போல ஆறு மடங்குக்குச் சற்று அதிகம். முதல் வருஷம் 35,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு இரண்டு லட்சத்துப் பதின்மூவாயிரத்துக்கு மேல். இரண்டாவது பிள்ளை இருந்தால் அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் கல்வி உரிமைச் சட்டப்படி கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகள் நிறைய என்பதால், நீங்கள் பார்க்கும் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நலிவடைந்த பிரிவுக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டு லட்சம். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் முன்னுரிமை. வேனில் போகிற தூரத்துப் பள்ளிக்கு இது பெரும்பாலும் உதவாது.

காலையிலேயே வயலுக்கோ பீடிக் கடைக்கோ கிளம்புகிற வீடுகளுக்குக் காலை உணவுத் திட்டம் பெரிய விஷயம். அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் 2023 ஆகஸ்டிலிருந்தும், கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளில் 2024 ஜூலையிலிருந்தும் நடக்கிறது. பக்கத்துப் பள்ளியில் சாப்பாடு எத்தனை மணிக்குத் தயாராகிறது, யார் சமைக்கிறார்கள் என்று ஒரு காலையில் எட்டேகாலுக்குப் போய்ப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டும் சமமாக இருந்தால், பக்கத்தில் இருப்பதில் சேர்த்துவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து நிமிடத்தில் போய்த் தூக்கிவரலாம். சாயங்காலம் விளையாடவும் வெளிச்சம் மிஞ்சும்.

சேர்த்த பிறகு மாற்ற வேண்டியிருந்தால் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் மாற்றுவது நல்லது; வாசிப்பில் பின்தங்கியதை அதற்கு மேல் சரிக்கட்டுவது சிரமம். பாக்கி ஃபீஸைக் காட்டி டி.சி.யைப் பிடித்துவைக்கிற பள்ளி உண்டு. டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி எமிஸ் எண்ணை (கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்) விடுவித்துவிட்டதா என்பதைப் புதிய தலைமை ஆசிரியரிடம் அந்த வாரமே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். அது நடக்கும்வரை புதிய பள்ளியின் பதிவில் பிள்ளையின் பெயர் ஏறாது.