படிப்பு முடித்த கையோடு டாக்ஸில் கோட்டை விடாதீர்கள்

ஒவ்வொரு மார்ச்சிலும் சொந்தக்காரப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வரிக் கணக்குக் கொடுக்க ஏப்ரல் 30 கடைசித் தேதி, கல்விக் கட்டணத்தைக் காட்டும் டி2202 படிவத்தை இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். ஆனால் கனடாவில் படித்து முடித்த புதிதில் நான் எங்கே வழுக்கினேனோ, அங்கேயே வழுக்குகிறார்கள்.

மாணவர் கடனை வங்கிக் கடனாக மாற்றுவது

2016-ல் முதல் வேலை. அரசுக் கடனின் வட்டி கண்ணை உறுத்தியது. வங்கியில் ஒருவர், "லைன் ஆஃப் கிரெடிட் தருகிறோம், வட்டி குறைவு" என்றார். ஒரு வரம்புக்குள் வேண்டியபோது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன் அது. அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் டாக்ஸ் செய்யும்போதுதான் தெரிந்தது. வட்டிக்கான வரிச் சலுகை அரசு மாணவர் கடனுக்கு மட்டும்தான். வங்கிக்கு மாற்றிவிட்டால், கட்டும் வட்டியில் ஒரு சதம்கூடக் காட்ட முடியாது. சரி, அது சின்ன நஷ்டம் என்று தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் வேலை போயிற்று. அரசுக் கடன் வைத்திருந்த நண்பன் ரீபேமென்ட் அசிஸ்டன்ஸ் திட்டத்தில் விண்ணப்பித்துத் தவணையைக் குறைத்துக்கொண்டான். என் வங்கிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசின் மாணவர் கடனுக்கு வட்டியே கிடையாது என்றானது. நான் மட்டும் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு தங்கச்சி அதே மாதிரிக் கடன் தாளோடு வந்து நின்றபோது எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதீர்கள்.

ஒன்டாரியோவில் அரசுக் கடனின் மாகாணப் பங்குக்கு இன்னும் வட்டி உண்டு. அதைச் சலுகையில் காட்டலாம். இந்த வருடம் கட்ட வரி இல்லையென்றால் காட்ட வேண்டாம். ஐந்து வருடம் வரை வைத்திருந்து பயன்படுத்தலாம்.

கல்விக் கட்டணத்தையும் அப்படிச் சேமிக்கலாம் என்று நினைப்பது

முடியாது. கல்விக் கட்டணத்துக்கான வரிச் சலுகையில் மிஞ்சுவதைப் பின்வரும் வருடங்களுக்குக் கொண்டுபோகலாம்தான். ஆனால் வரி வரும் முதல் வருடமே அதைக் கழித்தாக வேண்டும். அதேபோல, அந்தந்த வருடக் கட்டணத்தில் நீங்கள் பயன்படுத்தியது போக, 5,000 டாலர் வரம்புக்குள் மிஞ்சுவதை அப்பா அம்மாவுக்கு மாற்றிக் கொடுக்கலாம். கொண்டுபோன பழைய மிச்சத்தைக் கொடுக்க முடியாது. வீட்டில் பேசிவிட்டு ஃபைல் பண்ணுங்கள்.

விடுதி வாடகை

ஒன்டாரியோவின் சொத்துவரிச் சலுகைக்கு வாடகையைக் காட்டும்போது, பல்கலைக்கழக விடுதி என்றால் முழு வாடகையைக் காட்ட முடியாது. பெரும்பாலும் 25 டாலர்தான் கணக்கு.

வெளிநாட்டு மாணவருக்கு ஒன்றும் கிடைக்காது என்பது

வரிக் கணக்கில் கனடாவாசி என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் ஜிஎஸ்டி கிரெடிட் பணத்தைக் கேட்கலாம். ஆர்சி151 படிவம்.

வீடு மாறிய செலவு

வேலைக்காக மாறும்போது புது வீடு வேலையிடத்துக்குக் குறைந்தது 40 கிலோமீட்டர் கிட்டே வந்திருந்தால், அங்கே சம்பாதித்ததிலிருந்து செலவைக் கழிக்கலாம். ரசீது வேண்டும். என்னுடையது வாடகை டிரக்கின் டேஷ்போர்டிலேயே போய்விட்டது.