வலி மாத்திரைக்குக் காப்புறுதி கைவிரித்தால் சிங்கப்பூரில் என்ன செய்யலாம்

நாள்பட்ட வலிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைக்குக் காப்புறுதி நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டதா? எதற்கும் முன், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரிகாபாலின், காபாபென்டின், டூலாக்செட்டின், டிரமடோல் ஆகியவற்றைச் சட்டென நிறுத்தினால் தூக்கம் போய்விடும். வியர்வை, குமட்டல், பதற்றம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பிரிகாபாலினைக் குறைந்தது ஒரு வாரமாவது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கையிருப்பு தீரப் பத்து நாள் இருக்கும்போதே மருத்துவரின் மருந்தகத்தை அழையுங்கள். மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்க முடியுமா, அதே மருந்து ஜெனரிக்கில் (பிராண்டு பெயர் இல்லாத விலை குறைந்த வகையில்) உண்டா என்று கேளுங்கள். அந்த இரண்டு வாரம் கடிதப் போக்குவரத்துக்கு மூச்சுவிட இடம் தரும்.

அடுத்து, மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை வைத்து எங்கும் வாதாட முடியாது. ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பது அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: வெளிநோயாளி மருந்து திட்டத்திலேயே இல்லை, முன்பே இருந்த நோய், மருத்துவ ரீதியில் தேவையில்லை, ஆவணம் போதவில்லை. கடைசிக் காரணம் எளிது. ரசீதில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் அளவும் தனித்தனியாக இல்லாததே வழக்கமான குறை. மருத்துவமனைக் கட்டணப் பிரிவில் கேட்டு வாங்கி மறுபடி அனுப்பினால் போதும்.

முதல் காரணம் என்றால் மேல்முறையீடு எழுதி நாளைக் கடத்த வேண்டாம். அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப், பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கும், ரத்தச் சுத்திகரிப்பு, புற்றுநோய் சிகிச்சை போன்ற சில வெளிநோயாளி சிகிச்சைகளுக்கும் அமைந்த திட்டம். மாதாமாதம் வாங்கும் வலி மாத்திரை அதில் வராது. அதற்குமேல் எடுக்கும் தனியார் ஒருங்கிணைந்த திட்டங்களிலும் பெரும்பாலும் இதே நிலைதான். ஆனால் ஒன்றைப் பாருங்கள்: அறுவை சிகிச்சைக்கோ உள்நோயாளியாகவோ அண்மையில் மருத்துவமனையில் இருந்தீர்களா? வீடு திரும்பிய பிறகு ஆகும் செலவையும் இந்தத் தனியார் திட்டங்கள் ஒரு காலம்வரை ஏற்கின்றன. சிலவற்றில் அது 365 நாள்கூட. அந்தக் காலத்துக்குள் அதே நோய்க்காக எழுதிய மாத்திரை என்றால் உங்கள் கோரிக்கைக்கு வலு உண்டு. வீடு திரும்பும்போது மருத்துவமனை தந்த சுருக்க அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டிலும் நோயின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ‘முதுகுத் தண்டு வட்டு பிதுக்கம்’, மற்றதில் வெறும் ‘உடல் வலி’ என்று இருந்தால் அங்கேயே தட்டிக்கழித்துவிடுவார்கள்.

இந்த வாய்ப்பும் இல்லையென்றால் பணத்துக்கான வழி அரசாங்கக் கழிவில், அதாவது மானியத்தில்தான் இருக்கிறது. தனியார் நோயாளியாக நிபுணரைப் பார்ப்பவருக்கு மருந்துக் கழிவு கிடையாது. பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்), அரசின் மருத்துவக் கட்டண உதவித் திட்டமான சாஸில் உள்ள அக்கம்பக்க மருந்தகத்திலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனால்தான் கழிவு பெறும் நோயாளியாகப் பதிவார்கள். ஏற்கெனவே தனியாராகப் பதிந்துவிட்டவர், மாற முடியுமா என்று அதே மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைக் கேட்கலாம். சுகாதார அமைச்சின் கழிவு மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்குக் குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்துப் பெரும்பாலும் 50 அல்லது 75 விழுக்காடு குறையும். பட்டியலில் தேடும்போது பிராண்டு பெயரைத் தட்டாதீர்கள், மருந்தின் வேதிப் பெயரைத் தட்டுங்கள். எந்த நோய்க்கு என்ற நிபந்தனையும் சில மருந்துகளுக்கு உண்டு. அப்படியும் கட்டுப்படியாகாதவர்களுக்கு மெடிஃபண்ட் என்னும் அரசு உதவி நிதி இருக்கிறது. அதற்கும் மருத்துவ சமூக ஊழியரிடம்தான் போக வேண்டும். கூச்சப்படத் தேவையே இல்லை, அவர் இருப்பதே இதற்காகத்தான்.

மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென இருக்கும் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் விஷயத்தில் நோயின் பெயர்தான் எல்லாம். வெளிநோயாளி சிகிச்சைக்கு மெடிசேவை எடுக்க வகைசெய்யும் நாள்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தின் பட்டியலில் ‘நாள்பட்ட வலி’ என்று ஒன்று இல்லை. ஆனால் நீரிழிவு, மூட்டுத் தேய்வு, முடக்குவாதம், கௌட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) ஆகியவை இருக்கின்றன. உங்கள் வலிக்கு மூலம் இவற்றில் ஒன்று என்றால், அதைக் கட்டணச் சீட்டில் குறிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இல்லாத நோயை எழுதச் சொல்வது வேறு, இருக்கும் காரணத்தைப் பதியச் சொல்வது வேறு. 2021இல் வகுத்த வரம்பின்படி இதற்கு ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நோய் என்றால் 700 வெள்ளி வரை மெடிசேவிலிருந்து எடுக்கலாம். துணைவர், பிள்ளைகள் ஆகியோரின் மெடிசேவையும் பயன்படுத்த முடியும்.

உண்மையாகப் போராட வேண்டிய இடம் ‘முன்பே இருந்த நோய்’, ‘தேவையில்லை’ என்ற இரண்டு காரணங்கள்தான். முதலாவதில் நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்: காப்புறுதி எடுப்பதற்குமுன் மூன்று நாள் முதுகுவலி என்று விடுப்புச் சான்று வாங்கியது போன்ற ஒன்று. எந்தக் குறிப்பு, எந்தத் தேதி என்று கேட்டு அதன் நகலை வாங்குங்கள். பிறகு நிபுணரிடம் ஒரு மெமோ, அதாவது சிறு குறிப்புக் கடிதம் கேளுங்கள். அன்றைய தசைப்பிடிப்பும் இன்று எம்ஆர்ஐயில் தெரியும் நரம்பு அழுத்தமும் வெவ்வேறு என்று அவர் கருதினால், அதை அவர் கைப்படச் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட அந்த நான்கு வரிக்கு எடை அதிகம். முழு மருத்துவ அறிக்கைக்குக் கட்டணமும் ஆகும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். மெமோவைச் சந்திப்பின்போதே கேட்டுப் பார்க்கலாம்.

‘தேவையில்லை’ என்பதற்கு வேறு மாதிரி மெமோ வேண்டும். இதற்குமுன் கொடுத்த ஒவ்வொரு மருந்தும், அளவும், எத்தனை வாரம் எடுத்தீர்கள் என்பதும், ஏன் நிறுத்தியது என்பதும் அதில் வர வேண்டும். ‘பலன் இல்லை’ என்று மொட்டையாக இருந்தால் எடுபடாது. ‘நாப்ராக்சென் 500 மில்லிகிராம், தினம் இருமுறை, ஆறு வாரம், வயிற்றுப்புண்ணால் நிறுத்தியது’ என்பது மாதிரி இருக்க வேண்டும். இப்போதைய மருந்தால் என்ன மாற்றம் என்பதையும் செயலில் காட்டச் சொல்லுங்கள்: முன்பு பத்து நிமிடம் உட்கார முடியவில்லை, இப்போது ஒரு மணி நேரம் முடிகிறது என்பது போல. மருத்துவருக்கு இதெல்லாம் நினைவில் இருக்காது. ஒரு தாளில் நீங்களே குறித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மேல்முறையீட்டுக்குப் பிறகு நிறுவனம் தரும் இறுதிப் பதிலும் மறுப்பாகவே இருந்தால், அது வந்து ஆறு மாதத்துக்குள் ஃபிட்ரெக் என்னும் நிதித் தகராறு தீர்வு நிலையத்தில் புகார் பதியுங்கள். சமரசப் பேச்சுக்குக் கட்டணம் இல்லை. அதில் தீராமல் தீர்ப்புக்குப் போனால் 50 வெள்ளியும் பொருள் சேவை வரியும். வழக்கறிஞர் தேவையில்லை, இரு தரப்பும் அழைத்துவரவும் முடியாது. நீங்கள் ஏற்றுக்கொண்ட தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

கம்பெனி தரும் குழுக் காப்புறுதியில் இருப்பவர்கள் முதலில் மனிதவளப் பிரிவில் கேட்டு, திட்ட அட்டவணையை வாங்கிப் படியுங்கள். குறிப்பிட்ட மருத்துவர் பட்டியலுக்கு வெளியே போனதும், பரிந்துரைக் கடிதம் இல்லாமல் நிபுணரைப் பார்த்ததும்தான் அங்கே அடிக்கடி வரும் தடங்கல்.

வேலை அனுமதியில் இருக்கும் ஊழியருக்கு வலி வேலையிடக் காயத்தால் வந்தது என்றால், கேட்க வேண்டியது மருத்துவக் காப்புறுதியை அல்ல, வேலைக் காய இழப்பீட்டை. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை மருத்துவச் செலவை முதலாளி தரப்பு ஏற்க வேண்டும். ‘அது உன் பழைய வலி’ என்று மேற்பார்வையாளர் சொன்னால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். மனிதவள அமைச்சிடம் நீங்களே நேரடியாகக் கோரிக்கை பதியலாம், விபத்து நடந்த ஓராண்டுக்குள்.

விலை குறைவென்று சென்னையிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ மாத்திரை கொண்டுவர நினைப்பவர்களுக்கு: சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேல் கூடாது. கோடீன், மார்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்து கலந்திருந்தால் பயணத்துக்கு முன்பே சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். மருந்துச் சீட்டையும் மாத்திரையின் அசல் அட்டையையும் கையோடு வைத்திருங்கள். உதிரி மாத்திரைகளை டப்பாவில் போட்டுக் கொண்டுவர வேண்டாம்.